வடக்கே நகர்த்தாத துப்பாக்கி

ஊசியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஓர் அரிசி நீளம்கூட இராது. அந்தச் சின்னக் கைத்துப்பாக்கியின் பின்பக்கத்தில் ஒரு துளை உண்டு. உள்ளே இருக்கும், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் அடியூசி இழுபட்டு நின்றால் அதன் வால் அந்தத் துளை வழியே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தால் துப்பாக்கி விழித்திருக்கிறது என்று பொருள். உள்ளே அடங்கியிருந்தால் தூங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளட்டும் என்று ஜெர்மன்காரன் செய்து வைத்த ஏற்பாடு. நேற்றுக் காலை, தோட்டா அடுக்குகிற மேகசினைக் காலியாகச் செருகி, விசையை இழுத்து, ஊசியை உள்ளே அடக்கி, மேகசினை மறுபடி உருவி எடுத்தவர் சிவனணைந்தபெருமாள். செய்தோமா இல்லையா என்று பாதி வழியில் நின்று யோசிக்கிற ரகம் இல்லை அவர். பதினாலு வருஷமாக, துப்பாக்கி கையில் இருந்த நாளெல்லாம் தவறாமல் செய்துவரும் வேலை அது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்தில் அவர் வீடு. அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. மேகம் மலையை மூடி ஊருக்குள்ளும் இறங்கிவிட்டதால் காலை எட்டு மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரின் சத்தம், அதற்கும் அப்பால் அருவியின் ஓயாத இரைச்சல், பூசை அறைக்குள் வாடிய சாமந்தியும் ஊதுபத்திச் சாம்பலும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை. பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில் அந்தத் துப்பாக்கி கிடந்தது. கிழக்கே பார்த்து வைத்த அதன் வாய் கொஞ்சம் தெற்கே ஒதுங்கியிருந்தது. துடைக்கும்போது தன் கைதான் இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதை நேராக்கினார். காலி மேகசினை எடுத்துவந்து ஊசியை மறுபடி அடக்கினார்.

ஊரில் அவருக்குப் பிஸ்டல்காரர் என்று பெயர். ஏழு துப்பாக்கி, ஏழும் ஜெர்மனியில் செய்தவை, ஏழும் சட்டைப்பைக்குள் அடங்குகிறவை. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபோது ஆரியங்காவுப் பக்கத்து எஸ்டேட் துரைகள் விற்றுவிட்டுப் போனது நாலு, ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் கொடுத்தது ஒன்று, சென்னையில் ஏலத்தில் எடுத்தது இரண்டு. லைசென்சில் ஏழின் நம்பரும் வரிசையாக இருக்கும். சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்கள் அருவியில் குளித்த கையோடு அவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். குற்றாலத்துச் சாரல் ஊருக்கெல்லாம் சுகம், இரும்புக்கு எமன். அதனால் தோல் உறைக்குள் வைக்கமாட்டார். தோல் ஈரத்தை இழுக்கும். அலமாரிக்குள் சுண்ணாம்புக் கட்டி போட்டு வைத்திருப்பார். தேங்காய் எண்ணெய் பக்கத்தில் வரக்கூடாது, அது பிசினாகிவிடும். யாராவது தொட்டால், அவர்கள் படி இறங்கும் முன்பே பிளானல் துணியால் துடைத்துவிடுவார். விரலில் இருக்கிற உப்பு ஒரே ராத்திரியில் துருவாகிவிடும் என்பார்.

ஏழில் ஒன்று மட்டும் தனி. சின்ன மவுசர். மற்ற ஆறிலும் மேலே இருக்கும் ஸ்லைடைக் கையால் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் மேகசினிலிருந்து ஒரு தோட்டா குழலுக்குள் ஏறும். மவுசரில் ஸ்லைடு திறந்தபடி நிற்கும்போது மேகசினை அடியில் செருகினால் போதும், யாரும் தொடாமலே 'டக்' என்று மூடிக்கொள்ளும். மூடும்போதே தோட்டாவும் ஏறிவிடும். வந்தவர்களுக்குக் கடைசியாக அதைச் செய்துகாட்டி, அவர்கள் வாய் பிளப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி. அந்த வித்தையை அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. மகன் சொரிமுத்துவுக்கும் சொன்னதில்லை.

சொரிமுத்துவுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். "பின்னுக்கு இழுக்காம தோட்டா ஏறாதுலே. அத ஞாபகம் வச்சுக்கோ, பயமே கிடையாது."

போன வருஷம் ஆடி மாதம், சாரல் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், மவுசரைத் துடைப்பதற்காக ஸ்லைடைத் திறந்து மேஜையில் வைத்திருந்தார். பக்கத்தில் தோட்டா நிரம்பிய மேகசின். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார். அந்த நேரத்தில் சொரிமுத்து மேகசினைச் செருகி, பின்னுக்கு இழுக்கவில்லையே, தோட்டா ஏறியிருக்காது என்று விசையை அழுத்தியிருக்கிறான். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது, பத்தொன்பது வயசுப் பையன் நாற்காலியில் சாய்ந்து, இடது காறை எலும்புக்குக் கீழே இருந்த சின்ன ஓட்டையை ஆச்சரியமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். வலியைவிட ஆச்சரியம்தான் முகத்தில் அதிகமாக இருந்தது. அவர் மனைவி வள்ளித்தாய் அவனை மடியில் தாங்கியபோதும் அந்த முகம் மாறவில்லை.

போலீசிடமும் சுடுகாட்டில் நின்ற சொந்தக்காரர்களிடமும் பெற்றவளிடமும் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். "கை வைக்காதலேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல." சொல்லச் சொல்ல அது அவருக்கே நிஜம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. ராத்திரிகளில் மட்டும் ஆகவில்லை.

கோர்ட்டிலிருந்து மவுசர் திரும்பி வர ஒரு வருஷம் ஆயிற்று. சரட்டில் கட்டிய அட்டையோடு, எண்ணெய் காணாமல் வந்தது. ஸ்லைடின் ஓரத்தில் ரத்தம் பட்ட இடம் அரித்துக் குழி விழுந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் குழி போகவில்லை.

தலைத்திவசம் கழிந்துவிட்டதால் இந்த வருஷம் ஆயுத பூசை உண்டு. அவர் குடும்பத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. செத்துப்போன ஆண்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கைபட்ட ஆயுதத்தை வைத்து, பெயர் சொல்லி அழைத்து, படையல் போடுவார்கள். தாத்தாவுக்கு வெட்டரிவாள், அப்பாவுக்கு வேல்கம்பு. மறுநாள் விஜயதசமிக் காலையில் ஒவ்வொன்றையும் ஒரு சாண் வடக்கே நகர்த்தி, 'போய்ட்டு வாங்க' என்று சொன்ன பிறகுதான் எடுத்து உள்ளே வைக்கலாம். நகர்த்தினால்தான் வந்தவர் போவார். சொரிமுத்துவுக்கு மவுசரை வைத்தார். சந்தனத்தில் ஈரம் இருக்கும் என்று பொட்டைத் தாம்பாளத்தின் விளிம்பில் வைத்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். மறுநாள் காலை அரிவாளை நகர்த்தினார். வேல்கம்பை நகர்த்தினார். மற்ற ஆறு துப்பாக்கியையும் முறைக்கு நகர்த்தி அலமாரிக்குள் வைத்தார். மவுசர்மேல் கை வைத்தவருக்கு நகர்த்த மனசு வரவில்லை. ஒரு வருஷம் கழித்து வந்த பிள்ளையை ஒரே ராத்திரியில் எந்த அப்பன் போ என்பான்? இருந்துவிட்டுப் போகட்டும் என்று கையை எடுத்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

வள்ளித்தாயிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பதினாலு மாதமாக உப்புப் போட்டோமா என்று பார்க்காமல் சமைத்தவள், இப்போது விடிந்ததும் அம்மியில் எள்ளுத் துவையல் அரைத்தாள். உளுந்தஞ்சோறு பொங்கினாள். அது சொரிமுத்துவுக்கு உயிர். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். இதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவர்தான். ஆனால் அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. பூசை அறைக்குப் பூட்டு கிடையாது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஊசியை இழுத்து வைத்தது தான் இல்லை என்றால், பிறகு யார்? பிள்ளை போன இடத்துக்கே போகத் துணிந்துவிட்டாளோ? இருக்கிறது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் தான் சொன்ன பொய்யோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்றே தோட்டா நிரம்பிய மேகசினைத் துணியில் சுற்றி, நெல் குலுக்கைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தார்.

மறுநாள் காலை ஊசியின் வால் வெளியே இருந்தது. வாய் அடுப்படியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஸ்லைடின் கருநீல இரும்பின்மேல், குழி விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெருவிரல் ரேகை துருவாகப் பூத்திருந்தது.

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வள்ளித்தாயின் விரல் சின்னது, இது அகலம். ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு சாய்வாக ஓடியது. பன்னிரண்டு வயசில் நுங்கு சீவும்போது அரிவாள் பட்டு, தென்காசி ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்ட விரல். தையல் போடும்போது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

முதலில் அவருக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது. "வந்திட்டியாலே," என்றார். துப்பாக்கியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, அந்தத் துருவைத் துடைக்காமல் விட்டார். பதினாலு வருஷத்தில் அவர் துடைக்காமல் விட்ட துரு அது ஒன்றுதான்.

அப்போது அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. புழக்கடைக் கதவு திறந்தது. வள்ளித்தாய் கிணற்றடிக்குப் போகிறாள். அவளுடைய காலடி மேற்கே நகர்ந்தது.

கிர்.

பித்தளைமேல் இரும்பு உரசும் மெல்லிய சத்தம். துப்பாக்கியின் வாய் தெற்கிலிருந்து மேற்கே மெதுவாக நகர்ந்து, நின்றது. கிணற்றடியில் வாளி விழுந்தது. உருளை கிறீச்சிட்டது. வள்ளித்தாய் குடத்தோடு திரும்பி வந்தாள். கிர். வாய் அவளோடு திரும்பி வந்தது. நடுவில் இரண்டு சுவர். அவள் முற்றத்தைக் கடந்தாள். அதன் வாயும் கூடவே நகர்ந்தது. பூசை அறை வாசலில் அவள் வந்து நின்றபோது அது அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"என்ன அப்படிப் பாக்கீய?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ."

"அவனுக்கு ஒரு வாய் வச்சிட்டுப் போறேன்." சின்னக் கிண்ணத்தில் உளுந்தஞ்சோற்றைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து, தூங்குகிற குழந்தையிடம் பேசுவதுபோல் என்னவோ மெதுவாகச் சொன்னாள். சிரித்தாள். துப்பாக்கியின் வாய்க்கும் அவள் கழுத்துக்கும் நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

அவள் அடுப்படிக்குப் போனதும் பண்பொழி பஸ்ஸைப் பிடித்தார். குலசாமிக் கோயில் பூசாரி சுடலையாண்டிக்கு அங்கேதான் வீடு. ஆயுத பூசை அன்று படையல் போட்டுவிட்டு மழைக்குப் பயந்து அன்றைக்கே ஊர் திரும்பியவன். அவரைவிடப் பதினைந்து வயசு இளையவன். நனைந்து வந்து நின்றவரைப் பார்த்ததும் துண்டு கொடுத்தான், பிறகு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"தசமி அன்னைக்கு எல்லாத்தையும் வடக்கே நகத்தினீயளா, அண்ணாச்சி?"

"அருவா, வேல்கம்பு, ஆறு துப்பாக்கி. எல்லாம் நகத்தியாச்சு."

"தம்பியோடது?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கூப்பிட்டவன அனுப்பாம வச்சிருக்கீய," என்றான் சுடலையாண்டி. அதட்டலாகச் சொல்லவில்லை, அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.

"இப்ப நகத்தினாப் போவானா? நீ வந்து செஞ்சு குடேன்."

"கூப்பிட்டது நீங்க. நீங்கதான் அனுப்பணும். ஆனா சும்மா நகத்தினாப் போகமாட்டான். இத்தனை நாள் உக்காந்திருக்கான்னா என்னமோ கேக்க நிக்கான். அதுக்குப் பதில் சொல்லணும், பெத்தவ பக்கத்துல இருக்கையில சொல்லணும். அப்புறம் நகத்துங்க." அவன் அவர் கையிலிருந்த ஈரத்துண்டை வாங்கிக்கொண்டான். "ஒங்களுக்கும் அவனுக்கும் நடுவுல எதுவும் உண்டா?"

மழைச் சத்தத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. அந்த வாசலில் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் கிடையாது. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவன் கேக்கல. அம்புட்டுதான்."

சுடலையாண்டி தலையாட்டினான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. பஸ் வரும்வரை கூடவே நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளித்தாயை மாடிக்கு அனுப்பினார், ஏதோ பழைய வேட்டியைத் தேடச் சொல்லி. பூசை அறைக் கதவைச் சாத்தினார். மவுசரின்மேல் கை வைத்தார். மழைக் குளிரில் கிடந்த இரும்பு மாதிரி இருக்கும் என்று நினைத்தார். அது உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. ஒரு சாண் வடக்கே நகர்த்தினார். "போய்ட்டு வாலே, சொரிமுத்து."

கையை எடுத்தார்.

கிர். பழைய இடம்.

மறுபடி நகர்த்தினார். "போய்ட்டு வாய்யா."

கிர்.

மூன்றாம் தடவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். பிடித்த கைக்குள் அது திரும்பியது. பலமாக இல்லை. கைக்குழந்தை பிடியிலிருந்து நழுவுகிற மாதிரி, மெதுவாக, விடாப்பிடியாக. வாய் மேலே நிமிர்ந்தது. மாடியில் வள்ளித்தாய் நடக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நேராக.

அவர் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். திருப்புளியை எடுத்துவந்து மவுசரைப் பிரித்தார். பிரிக்கும்போது அது சும்மா கிடந்தது. குழலை உருவினார். ஸ்லைடைக் கழற்றினார். அதற்குள்ளிருந்து ஊசியையும் அதன் சுருள்வில்லையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, மீதியைப் பழையபடி பூட்டித் தாம்பாளத்தில் வைத்தார். ஊசி இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு. உலகத்தில் எந்தத் துப்பாக்கியும் ஊசி இல்லாமல் சுடாது. இது மந்திரம் இல்லை, இது அவருக்குத் தெரிந்த தொழில்.

முழுத் துப்பாக்கியையும் தூக்கி எறிந்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்குள் யார் இருக்கிறான் என்று தெரிந்த பிறகு எப்படி எறிவார்.

குடையைப் பிடித்துக்கொண்டு தென்காசிக்கு நடந்தார். சிற்றாற்றுப் பாலத்துக்குக் கீழே வெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. மடியை அவிழ்த்து ஊசியைக் கையில் எடுத்தார். சுண்டுவிரல் நீளம். எறிந்தார். தண்ணீரில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. சுருள்வில்லையும் எறிந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கின மாதிரி இருந்தது. இனி அவள் எத்தனை சோறு வேண்டுமானாலும் படைக்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். அவளுக்கு ஒன்றும் ஆகாது. தானும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காப்பி குடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வீடு முழுக்க எள்ளுத் துவையல் வாசனை. தையல் மிஷின் எண்ணெய் வாசனை.

பூசை அறைக்கு முன்னால் மூன்று இலை போட்டிருந்தது.

வள்ளித்தாய் தாம்பாளத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். குத்துவிளக்கின் ஒளி அவள் முகத்தில் ஆடியது. தாம்பாளத்தில் மவுசர் ஸ்லைடு திறந்தபடி கிடந்தது. அன்றைக்கு மேஜைமேல் கிடந்ததே, அதே மாதிரி. அவள் வலது கையில் மேகசின். தோட்டா நிரம்பியது. அதில் நெல் உமி ஒட்டியிருந்தது.

"எங்கன போனீய? அவன் பசியோட உக்காந்திருக்கான்."

"வள்ளி. அத கீழ வை."

"ஆறு ஏழு நாளா ஒரே கேள்விதான்." அவள் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "'அப்பா எங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதாம்மா. பின்னுக்கு இழுக்காம தோட்டா ஏறாதுன்னாக. நான் இழுக்கவே இல்லம்மா'ங்கான். 'அது நெசமா பொய்யா'ன்னு கேக்கான். நான் சொன்னேன், அப்பா ஒனக்குப் பொய்யச் சொல்லிக் குடுப்பாகளாலே, நான் வேணா செஞ்சு காட்டுதேன்னு." இப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நெசம்தானங்க?"

அவர் வாய் திறந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவள் கை நின்றுவிடும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்போ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்னு சொன்னீயளே, அது? அவனை எரிக்கும்போதுகூட அதைத்தானே சொன்னீய? அவள் முகம் மாறும். பிறகு அந்த முகத்தோடு இந்த வீட்டில் மீதி நாளெல்லாம்.

துளையைப் பார்த்தார். பின்பக்கத்துத் துளை. அதில் கறுப்பாக என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. ஓர் அரிசி நீளம்.

விளக்கு நிழல்.

ஊசி ஆற்றில் கிடக்கிறது. தன் கையால் எறிந்தது. செருகட்டும். டக் என்று மூடும், அவ்வளவுதான். அவள் மனசும் ஆறிவிடும். அவனும் போய்விடுவான். ஊசி இல்லை. ஊசி இல்லை.

"நெசம்தான்," என்றார்.

அவள் தலையாட்டினாள். துப்பாக்கியைத் தூக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இடது கையால் சற்றே சரித்து, அடியில் மேகசினை வைத்து, உள்ளங்கையால் தள்ளினாள்.

டக்.

ஸ்லைடு மூடிக்கொண்டது.

வேறு சத்தம் இல்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் விழுந்தது. அருவி இரைந்தது. குத்துவிளக்குச் சுடர்கூட அசையவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிழைத்தோம் என்று நினைத்தார்.

"பாத்தியாலே?" வள்ளித்தாய் தாம்பாளத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணும் ஆகல. அப்பா சொன்னது நெசம்தான்."

சோற்றுப் பானையை இழுத்தாள். அகப்பையால் உளுந்தஞ்சோற்றை அள்ளினாள். முதல் இலையில் வைத்தாள். அவர் உட்காரப் போனார். அப்போதுதான் அவள் சேலையைக் கவனித்தார்.

இடது காறை எலும்புக்குக் கீழே.

சின்னது. ஒரு குங்குமப் பொட்டு அளவு ரத்தம். பிறகு ஒரு ரூபாய் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. அவள் குனியவில்லை, பார்க்கவில்லை. இரண்டாவது இலைக்கு அள்ளினாள்.

"வள்ளி."

"இருங்க, துவையல் வைக்கேன்."

"வள்ளி, நான் சொல்லல. நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல. அது தானா மூடும்னு நான் சொல்லல. நான்தான் தொறந்து வச்சிட்டுப் போனேன். நான்தான்."

எல்லாம் வந்தது. பதினாலு மாதமாக வராதது எல்லாம் வந்தது. அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே மூன்றாவது இலைக்குச் சோறு வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. லேசான ஆச்சரியம் மட்டும் இருந்தது. அந்த ஆச்சரியத்தை அவர் முன்பே ஒரு முகத்தில் பார்த்திருக்கிறார்.

தாம்பாளத்தில் ஸ்லைடு பின்னுக்கு நகர்ந்தது. மெதுவாக. யாரும் தொடாமல். திறந்து நின்றது. மேகசின் நழுவிப் பித்தளையில் விழுந்தது.

கிர்.

வாய் அவர் பக்கம் திரும்பியது.

வள்ளித்தாய் மேகசினை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்தாள். தலைப்பு நனைந்திருந்ததால் அது சுத்தமாகவில்லை. இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"இந்தாங்க. நீங்களும் ஒரு தடவ செஞ்சு காட்டணுமாம். அவனுக்கு இன்னும் சந்தேகம் தீரல."

ரத்தம் அவள் நீட்டிய கையின் வழியே இறங்கி, முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவருடைய இலையில் விழுந்தது. ஆவி பறக்கிற சோற்றுக்குள் அது இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.